வேப்பிலை கட்டிய வாசலும் இளஞ்சிவப்புக் கைப்பட்டையும்

2019 அக்டோபர் 10-ஆம் தேதி மலாக்கா மாநில ஆட்சிக்குழு உறுப்பினரும் காடேக் சட்டமன்ற உறுப்பினருமான ஜி. சாமிநாதன் சொஸ்மா என்ற பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கைது செய்யப்பட்டார். அதே நாளில் நெகிரி செம்பிலானின் சிரம்பான் ஜெயா சட்டமன்ற உறுப்பினர் பி. குணசேகரனும் பிடிக்கப்பட்டார். அடுத்த இரண்டு நாளில் எண்ணிக்கை பன்னிரண்டானது. விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்பது குற்றச்சாட்டு. நான்கு மாதத்துக்கு மேல் சிறையில் இருந்த பிறகு, 2020 பிப்ரவரி 21-இல் அன்றைய சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் வழக்குகள் அனைத்தையும் மீட்டுக்கொண்டார். கைத்தொலைபேசியிலும் முகநூலிலும் ஒருவர் வைத்திருந்த படங்களைக் கொண்டு அவரைப் பயங்கரவாதி ஆக்கிவிட முடியாது என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று.

அதற்குப் பின் நான்கு வாரம்கூட ஆகவில்லை. கோவிட் தொற்றால் மார்ச் 18-இல் நாடு முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. ஏப்ரலில் மைசெஜாத்ரா செயலி வந்தது. பெயர், அடையாள அட்டை எண், முகவரி, உடல்நிலை எல்லாவற்றையும் அதில் கொடுக்க வேண்டும். பின்னர் கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் வாசலில் உள்ள கியூஆர் கட்டத்தைப் படம்பிடித்துவிட்டுத்தான் உள்ளே நுழைய முடிந்தது. கைது நடந்தபோது உள்துறை அமைச்சராக இருந்த முஹிடின் யாசின்தான் ஆணை வந்தபோது பிரதமர். கைத்தொலைபேசியில் என்ன படம் இருந்தது என்று துருவிய அரசாங்கம், அதே கைத்தொலைபேசியில் எங்கே போனாய், எப்போது போனாய் என்று பதியச் சொன்னது.

சட்டத்தின் பார்வையில் இரண்டுக்கும் தொடர்பில்லை. ஒன்று பாதுகாப்புச் சட்டம், மற்றது 1988-ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம். ஆனால் மக்கள் மனம் சட்டப் புத்தகத்தைப் போல அத்தியாயம் பிரித்து வைத்துக்கொள்வதில்லை. காடேக், ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தமிழர்களுக்கு அரசாங்கம் என்பது ஒன்றுதான். காவல் நிலையத்தில் இருப்பதும் அதுதான், கிளினிக்கில் இருப்பதும் அதுதான். அடுத்த கொள்ளைநோய்க்கு நாடு தயாராக வேண்டும் என்று பேசுகிறவர்கள் படுக்கைகளையும் தடுப்பூசிகளையும் எண்ணுகிறார்கள். எண்ணட்டும். இந்த நினைவையும் கணக்கில் சேர்க்காத எந்தத் தயாரிப்பும் பாதித் தயாரிப்புதான் என்பது என் உறுதியான கருத்து.

கண்காணிப்பு நமக்குப் புதிதல்ல. தான் சாய் யான் என்பவர் 1896-இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். பிறகு புக்கிட் அசஹான் வந்தது. இந்த மாநிலத்தின் உட்பகுதிகள் ஒவ்வொன்றாக ரப்பர் காடாயின. அந்தக் காட்டுக்கு வேண்டிய தமிழ் ஆட்கள் நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம்கள் வழியாக வந்தார்கள். அங்கே உடம்பைச் சோதித்தார்கள், அம்மை குத்தினார்கள். கடல் கடந்து வந்ததும் பினாங்குக்கு அருகே ஜெரெஜாக் தீவு போன்ற இடங்களில் அடைத்து வைத்துப் பார்த்தார்கள். தோட்டத்துக்கு வந்து சேர்ந்த பிறகு விடியுமுன் பெரட்டு. கிராணி பெயர் வாசிப்பார், இருக்கிறேன் என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் வராத பெயரைத் தேடி லயத்துக்கு ஆள் போகும். உண்மையிலேயே காய்ச்சலா, சாக்கா என்று பார்க்கத் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரசர் வருவார்.

அந்த டிரசரைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். அவர் நிர்வாகத்தின் ஆள். வேலைக்கு வராதவரைக் காட்டிக்கொடுப்பதும் அவர் வேலைதான். ஆனாலும் தோட்டத்துப் பழைய தலைமுறை அவரை வெறுக்கவில்லை. மலேரியா லயம் லயமாக ஆட்களை விழுங்கிய காலத்தில் கொய்னா கொடுத்தவர் அவர். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்லி ஊற்றுவார், கசப்பு தாங்காமல் அழுவார்கள். பிரசவத்துக்கும் பாம்புக் கடிக்கும் முதலில் ஓடியது அவரிடம்தான். கணக்கெடுத்த கையே மருந்தும் கொடுத்ததால் அந்தக் கணக்கைச் சனங்கள் பொறுத்துக்கொண்டார்கள். 1918-இன் விஷக் காய்ச்சல் மலாயாத் தோட்டங்களைச் சூறையாடியபோது மருந்து எதுவும் பலிக்கவில்லை. அப்போதும் கதவைத் தட்டி யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று பார்க்க ஓர் ஆள் தேவைப்பட்டார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, நம் சனம் தாமான்களுக்கும் மலிவு வீடுகளுக்கும் சிதறியபோது அந்த டிரசரும் போய்விட்டார். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. 2020-இல் வந்தது ஒரு செயலி.

இரண்டாவது நினைவு அவசரகாலத்தினுடையது. 1948-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பிறகு, பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் படமும் கைரேகையும் பதித்த அடையாள அட்டை வந்தது. சிதறிக் கிடந்த லயங்களை ஓரிடத்துக்குக் கொண்டுவந்து முள்கம்பி போட்டார்கள். பால் வெட்டப் போகிறவர் கையில் சோறு இருக்கிறதா என்று வாசலில் சோதித்தார்கள், காட்டில் இருப்பவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடுமாம். அந்தக் காலத்திலிருந்து ஒரு செய்தியை மலாக்காக்காரர்கள் மறக்கக்கூடாது. 1953 செப்டம்பர் 3-இல் மலாயாவின் முதல் ‘வெள்ளைப் பகுதி’ என்று அறிவிக்கப்பட்டது நம் மலாக்காவின் ஒரு பகுதிதான். அறிவிப்பு வந்ததும் ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் தளர்ந்தன. கெடுபிடிக்கு ஒரு முடிவு உண்டு என்பதை மக்கள் கண்ணால் கண்டார்கள். 2020-இல் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மாவட்டங்களுக்கு வண்ணம் பூசியபோது, வயதானவர்கள் அதைச் சட்டென்று புரிந்துகொண்டதில் வியப்பில்லை.

ஆனால் அதே வரலாறு இன்னொன்றையும் கற்றுக்கொடுத்தது. அவசரகாலம் 1960-இல் முடிந்தது. அடையாள அட்டை முடியவில்லை. விசாரணையின்றி அடைத்துவைக்கும் அதிகாரமும் முடியவில்லை, இசா என்ற புதுப்பெயரில் அதே ஆண்டில் வந்து அரை நூற்றாண்டு நின்றது. நெருக்கடிக்காக வந்தது நெருக்கடியோடு போகாது என்ற பாடம் யாரும் சொல்லிக்கொடுக்காமலே நம் சனத்துக்குத் தெரியும்.

இந்தப் பின்னணியோடு காஜா பேராங்குக்குப் போகலாம். மலாக்கா செட்டிகளின் குடியிருப்பு அது. மலாய் பேசி, சைவம் மறக்காமல், பல நூற்றாண்டுகளாக இங்கே வாழும் மக்கள். அவர்களுடைய முத்து மாரியம்மன் கோயில் 1822-இல் எழுந்தது. ஆண்டுதோறும் அங்கே நடக்கும் திருவிழாவுக்கு டத்தோ சாச்சார் என்று பெயர், அம்மை நோயின் பெயரையே சுமந்த விழா. தோட்டங்களிலும் மாரியம்மன் இல்லாத தோட்டம் எது? அம்மை வந்த வீட்டின் நிலையில் வேப்பிலை செருகுவார்கள். பார்த்தவுடன் தெருவுக்கே தெரிந்துவிடும். வெளியாள் உள்ளே வரமாட்டார், வீட்டாள் வெளியே போகமாட்டார். கூழும் இளநீரும் வாசல்வரை வரும். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு வேப்பிலை இறங்கும், வீடு பழையபடி திறக்கும்.

நோயைத் தெரிவிப்பது, ஒதுங்குவது, ஒதுங்கியவருக்குச் சோறு போடுவது, ஒதுக்கம் முடிந்ததைச் சொல்வது என்று நான்கும் அந்த ஒரு கொத்து இலையில் இருந்தன. யாரும் அபராதம் போடவில்லை. நோயாளியைக் குற்றவாளியாகப் பார்க்கவில்லை, ஆத்தா வந்திருக்கிறாள் என்று மரியாதையாகவே பேசினார்கள். பழைமையைப் போற்றிப் பாட இதை எழுதவில்லை. அம்மை ஊர் ஊராகக் கொன்றது. அம்மனுக்குக் கோபம் வரும் என்று ஊசிக்கு ஒளிந்தவர்களும் நம் சனத்தில் இருந்தார்கள். நோயை உலகத்தை விட்டே ஒழித்தது தடுப்பூசிதான். ஆனால் நோயை வெளியே சொல்ல மனிதருக்கு எப்போது துணிவு வருகிறது என்ற கேள்விக்கு அந்த வாசலில் பதில் இருக்கிறது. சொன்னால் கேடு வராது, சோறு வரும் என்ற நம்பிக்கை இருந்தால் சொல்வார்கள்.

2020-இல் வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களின் கையில் இளஞ்சிவப்புப் பட்டை கட்டினார்கள். அந்த ஆண்டு ஜூலையில் தமிழ்நாட்டிலிருந்து திரும்பிய ஓர் உணவகக்காரர், வீட்டிலேயே இருக்க வேண்டிய நாளில் கெடாவில் உள்ள தம் கடைக்குப் போனார். அவரிடமிருந்து தொடங்கிய தொற்று 45 பேரைத் தொட்டது. அவர் செய்தது தவறு, பெருந்தவறு. ஆகஸ்டு 13-இல் நீதிமன்றம் ஐந்து மாதச் சிறையும் 12,000 வெள்ளி அபராதமும் விதித்தது. அந்தத் தொற்றுத் திரளுக்கு வைக்கப்பட்ட பெயர் சிவகங்கை. நம்மில் எத்தனையோ பேருக்குப் பாட்டன் பூட்டன் ஊர் அது. வாரக்கணக்கில் ஒவ்வொரு நாள் செய்தியிலும் அந்தப் பெயர் நோயின் பெயராக ஒலித்தது.

அதே ஜூலையில் தோட்டத்தொழில் மூலப்பொருள் அமைச்சர் கைருடின் அமான் ரசாலி துருக்கியிலிருந்து திரும்பினார். தனிமைப்படுத்திக்கொள்ளவில்லை. செய்தி வெளியே வந்த பிறகு 1,000 வெள்ளி அபராதம். தனிமைப்படுத்தும் ஆணை அவருக்கு முறையாக வழங்கப்படவில்லை என்ற காரணத்தால் வழக்கு வேண்டாமென்று அக்டோபரில் முடிவானது. ஆணையைக் கொடுக்க வேண்டியவர்கள் ஏன் கொடுக்கவில்லை? அமைச்சர் வீட்டுக்கு வராத கண் உணவகக்காரரின் கடைக்கு மட்டும் வந்தது எப்படி? இந்தக் கேள்வியை இரண்டு பேர் சந்திக்கும் ஒவ்வொரு கடையிலும் கேட்டார்கள். சுகாதாரத் தலைமை இயக்குநர் நோர் ஹிஷாம் அப்துல்லா நாள்தோறும் பொறுமையாகச் சேர்த்த நம்பிக்கையில் ஒரு பகுதியை அந்த 1,000 வெள்ளி ரசீது கரைத்துவிட்டது. 2021 ஜனவரியில் மறுபடியும் அவசரகாலம், மார்ச்சில் தனிநபர் அபராதம் 10,000 வெள்ளி வரை உயர்ந்தது. ஒரு நாள் சம்பளத்துக்கு ஓடுகிற குடும்பத்துக்கு அந்தத் தொகையின் பொருள் என்ன என்று யாராவது உட்கார்ந்து யோசித்தார்களா?

இன்று மலாக்காவின் செம்பனைக் காடுகளில் பெரும்பாலும் வேலை செய்பவர்கள் வங்காளதேசிகளும் இந்தோனேசியர்களும். நம் தாத்தாக்களின் இடத்தில் அவர்கள் இருக்கிறார்கள். 2020 மே 1-இல் கோலாலம்பூர் ஜாலான் மஸ்ஜித் இந்தியா பகுதியில், தொற்றுக்காகக் கம்பி போட்டு அடைக்கப்பட்டிருந்த கட்டடங்களைச் சுற்றிக் குடிநுழைவுத் துறை சோதனை நடத்தி நூற்றுக்கணக்கானவர்களைப் பிடித்துப் போனது. முதலில் மருத்துவர், பின்னால் லாரி என்ற வரிசையைப் பார்த்த எந்தத் தொழிலாளி இருமலோடு வந்து கையை நீட்டுவார்? பத்திரமில்லாதவரைத் தண்டிப்பது சட்டத்தின் உரிமை என்று வாதாடலாம். தொற்றுக் காலத்தில் அந்த உரிமையைப் பயன்படுத்தினால் நோய் காட்டுக்குள் ஓடி ஒளிந்துகொள்ளும். பக்கத்துத் தாமானில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் அது வந்து சேரும்.

கீழே இருப்பவர் சொல்வதைக் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதை நம் பக்கத்து மாநிலமே பார்த்திருக்கிறது. 1998 செப்டம்பரில் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் தொடங்கியது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு கட்டி, கொசு மருந்து அடித்தார்கள், அதற்கான தடுப்பூசி போட்டார்கள். பிள்ளைகளைத் தாக்க வேண்டிய நோய் பண்ணையில் வேலை செய்யும் பெரியவர்களைத் தாக்குகிறதே, முதலில் பன்றிகள் அல்லவா இருமுகின்றன, ஊசி போட்டவரும் சாகிறாரே என்று பண்ணைக்காரர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அதற்குள் பன்றிகள் லாரி ஏறி நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக்குக்குப் போய்விட்டன. 1999 மார்ச்சில், அப்போது மலாயாப் பல்கலைக்கழகத்தில் இருந்த டாக்டர் சுவா காவ் பிங் அது முற்றிலும் புதிய கிருமி என்று கண்டார். சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரால் அது நிப்பா ஆயிற்று. மலேசியாவில் 265 பேருக்கு நோய் வந்தது, 105 பேர் இறந்தார்கள், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. 2006-இல் மலாக்காவில் ஒரு குடும்பத்துக்கு வந்த சுவாச நோயிலிருந்து அதே சுவா குழுவினர் வௌவால் வழிக் கிருமி ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். மருத்துவ ஏடுகளில் அதன் பெயரே மலாக்கா கிருமி. நல்லவேளையாக அது கொடியதாக இல்லை. அடுத்ததும் அப்படியே இருக்கும் என்று யார் உறுதி தருவார்? காட்டோரம் வீடு, பழமரம், வௌவால், ஆடு மாடு என்று வாழ்பவர்கள் நம் தோட்டப்புறத்து மக்கள். புதிய நோய் ஒன்று வந்தால் அதை முதலில் பார்க்கப்போவது அவர்கள் கண்தான்.

2021 ஜூன் இறுதியில் நாட்டில் வெள்ளைக் கொடிகள் பறந்ததை நினைத்துப் பாருங்கள். வீட்டில் அரிசி இல்லை என்பவர் வாசலில் வெள்ளைத் துணி கட்டினால் போதும், அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து கொடுப்பார்கள். அரசாங்கம் தொடங்கியதல்ல, மக்கள் தொடங்கியது. சில அரசியல்வாதிகள் அதையும் இகழ்ந்தார்கள். ஒருவர் எந்தக் கடையில் எத்தனை மணிக்கு நுழைந்தார் என்று அறிந்த அமைப்புக்கு, அவர் வீட்டு அடுப்பு எரியவில்லை என்பது மட்டும் தெரியாமல் போனது. வேப்பிலை மரபில் வந்த நமக்கு அந்த வெள்ளைத் துணியை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“ஒளிக்க என்கிட்ட என்ன இருக்கு, பார்த்துட்டுப் போகட்டும்” என்பது நம் பெரியவர்கள் பலரின் பதில். அந்த வெள்ளை மனத்தை நான் மதிக்கிறேன், ஆனால் ஒத்துக்கொள்ள முடியாது. கட்சிப் பணியும் சட்டமன்றமும் என்று வெளிச்சத்திலேயே வாழ்ந்த ஒருவர் நான்கு மாதம் சிறையில் இருந்த பிறகுதான் வழக்கே நிற்காது என்று தெரிந்தது. தகவல் யார் கையில் எந்தக் காலத்தில் போய்ச் சேரும் என்பது கொடுப்பவரின் நேர்மையைப் பொறுத்ததல்ல. 2022-இல் மைசெஜாத்ராவின் உரிமை யாருடையது, அரசாங்கத்தினுடையதா தனியாருடையதா என்று நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவே விசாரிக்க வேண்டிய நிலை வந்தது. அந்த நாட்களில் மக்கள் செயலியைப் பயன்படுத்துவது குறைந்துபோனதாகச் சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடினே சொன்னார். 2023 பிப்ரவரியில் வெளிவந்த தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை, தடுப்பூசி போட்ட 30 லட்சம் பேரின் விவரங்கள் ஓர் உயர்நிலைக் கணக்கின் வழியே பதிவிறக்கம் செய்யப்பட்டதைக் குறிப்பிட்டது.

இதற்கெல்லாம் வழக்குப் போடலாமே என்றால், 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தாது. கடைக்காரர் நம் எண்ணைத் தவறாகப் பயன்படுத்தினால் குற்றம், அரசாங்க அலுவலகம் செய்தால் அந்தச் சட்டம் வாய் திறக்காது. அதற்கு மேல், மத்திய அரசு நிறுவனங்கள் தங்களுக்குள் தரவைப் பகிர்ந்துகொள்ள வழிசெய்யும் தரவுப் பகிர்வுச் சட்டமும் 2025-இல் அமலுக்கு வந்துவிட்டது. பகிர்வதற்குச் சட்டம் முந்திக்கொண்டது, காப்பதற்கு இன்னும் வரவில்லை.

சிங்கப்பூரின் அனுபவமும் இதையே சொல்கிறது. தொற்றுத் தொடர்பைத் தேட மட்டுமே என்று அறிமுகமான டிரேஸ்டுகெதர் தரவைக் குற்ற விசாரணைக்குக் காவல்துறையும் எடுக்க முடியும் என்று 2021 ஜனவரியில் தெரியவந்தது. மக்கள் கொதித்தார்கள். அடுத்த மாதமே கடுமையான குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் போட்டு எல்லை கட்டினார்கள். அந்த எல்லையும் போதாது என்பேன். ஆனாலும் நாடாளுமன்றத்தில் வெளிப்படையாகப் பேசி, எழுத்தில் எல்லை போட்டார்கள். நம்மிடமும் நல்ல முன்மாதிரி ஒன்று உண்டு. தொடர்பு பல்லூடக ஆணையமும் காவல்துறையும் கொண்டுவந்த ‘கெராக் மலேசியா’ செயலி 2020 ஜூலை 31-இல் நிறுத்தப்பட்டது, அதன் தரவும் அழிக்கப்படும் என்று அறிவித்தார்கள். தேதி போட்டு மூட முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

ஆகவே மலாக்காவின் சட்டமன்ற உறுப்பினர்களிடமும் நாடாளுமன்ற உறுப்பினர்களிடமும் நாம் கேட்க வேண்டியது, அடுத்த நோய்க்காகச் சேர்க்கும் எந்தத் தகவலுக்கும் அழிக்கும் தேதியைச் சட்டத்திலேயே எழுதச் சொல்வது. தனிநபர் தரவுச் சட்டம் அரசாங்கத்தையும் கட்ட வேண்டும். சுகாதாரத் தகவல் காவல்துறைக்கும் குடிநுழைவுத் துறைக்கும் போகாதபடி சுவர் எழுப்ப வேண்டும். 2021 நவம்பர் 20-இல், தொற்று ஓயாத நேரத்தில், நம் மாநிலத்தில் தேர்தல் நடத்தினார்கள். ஓட்டு கேட்க வீடு வீடாக வர வழி தெரிந்தவர்களுக்கு இந்தக் கோரிக்கைகளைக் கேட்கவும் நேரம் இருக்கும்.

பணம் அதிகம் கேட்காத இன்னொரு வேலையும் உண்டு. போன டிரசரின் இடத்துக்கு ஆள் வேண்டும். சென்னை மாநகராட்சி 2020-இல் வீடு வீடாக ஆள் அனுப்பிக் காய்ச்சல் பார்த்தது. கதவைத் தட்டிய அந்த ஆளிடம் கேள்வி கேட்கலாம், மருந்து கேட்கலாம், மாவு இல்லை என்றும் சொல்லலாம். ஜாசினிலும் அலோர் காஜாவிலும் தமிழ் பேசும் ஓய்வுபெற்ற தாதியர் இருக்கிறார்கள், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இருக்கிறார்கள், கோயில் தலைவர்கள் இருக்கிறார்கள். எந்த வீட்டில் நீரிழிவுக்காரர் தனியாக இருக்கிறார், எந்தப் பாட்டிக்குக் கைத்தொலைபேசி இல்லை என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். மாவட்டச் சுகாதார அலுவலகம் நோயில்லாத காலத்திலேயே அவர்களை அழைத்துப் பயிற்சி கொடுத்து, ஒரு சிறு படித்தொகையும் கொடுக்க வேண்டும்.

அவர்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, தோட்டப்புறங்களிலும் மலிவு வீடுகளிலும் அடையாள அட்டை இல்லாமல் இருக்கும் நம்மவர்களையும், லயங்களில் இருக்கும் அயல்நாட்டுத் தொழிலாளர்களையும் விசாரித்து வைத்துக்கொள்வது. தடுப்பூசி வரும்போது அவர்கள் விடுபட்டுப் போகக்கூடாது. அந்தப் பட்டியல் குடிநுழைவுத் துறையின் கைக்குப் போகாது என்று ஓர் அமைச்சர் கையெழுத்திட்டு எழுத்தில் தர வேண்டும். பத்திரமில்லாதவருக்கும் இலவசமாகத் தடுப்பூசி உண்டு என்று 2021 பிப்ரவரியில் வாய்வார்த்தையாகத்தான் சொன்னார்கள். அதே ஆண்டு மே மாத இறுதியில், அவர்களைத் தேடிப் பிடிப்போம் என்று அறிவித்தார் உள்துறை அமைச்சர் ஹம்சா சைனுடின்.